செல் சவ்வு: கடத்தலும் சமிக்ஞையும்

உயிருள்ள ஒவ்வொரு செல்லையும் போர்த்தி, அதன் உள்ளடக்கத்தைப் புறச்சூழலிலிருந்து பிரித்து வைக்கும் மெல்லிய படலமே செல் சவ்வு. பிளாஸ்மா படலம், கலமென்சவ்வு என்ற பெயர்களும் இதற்கு உண்டு. இதன் தடிமன் 7 முதல் 8 நானோமீட்டர். ஏறத்தாழ பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். எதை உள்ளே விடுவது, எதை வெளியேற்றுவது என்ற கடத்தல் வேலையும், வெளியிலிருந்து வரும் வேதிச் செய்தியை உள்ளே சேர்க்கும் சமிக்ஞை வேலையும் இந்தப் படலத்தில்தான் நடக்கின்றன. பாடநூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி இயல்களில் வைப்பது வழக்கம். உயிருள்ள செல்லில் அப்படிப் பிரிக்க முடியாது. கடத்தலால் சேர்த்து வைத்த அயனி வேறுபாட்டைக் கொண்டே பல சமிக்ஞைகள் பிறக்கின்றன. சமிக்ஞை வந்தால்தான் பல கடத்தல் வழிகள் திறக்கின்றன. காலரா நோயும் அதற்கு வாய்வழி கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இந்தப் பிணைப்பை மிகத் தெளிவாகக் காட்டுவதால், அவற்றுக்கு இக்கட்டுரையில் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

அமைப்பு

சவ்வின் அடிப்படைப் பொருள் பாஸ்போலிப்பிடு. இம்மூலக்கூறின் தலை நீரை நாடும். இரண்டு வால்களாக நீளும் கொழுப்பமிலப் பகுதி நீரை விலக்கும். நீருக்குள் இவை தாமாகவே ஈரடுக்காகச் சேர்ந்து, வால்களை நடுவில் மறைத்துத் தலைகளை இருபுறமும் நீரை நோக்கி நிறுத்திக்கொள்கின்றன. இந்த ஒழுங்கு உருவாக நொதி எதுவும் தேவையில்லை.

ஈரடுக்கு என்ற கருத்தை 1925இல் முன்வைத்தவர்கள் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் ஆகிய இருவர். சிவப்பணுக்களிலிருந்து லிப்பிடைப் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பின் மேல் ஒரு மூலக்கூறு தடிமனில் பரப்பி அளந்தார்கள். அது அந்தச் சிவப்பணுக்களின் மொத்தப் புறப்பரப்பைப் போல இரு மடங்கு இருந்தது. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, வேறு உட்சவ்வுகளும் இல்லை. ஆகவே கிடைத்த லிப்பிடு முழுவதும் வெளிச்சவ்வினுடையதே. உண்மையில் அசிட்டோன் கொண்டு பிரித்தபோது லிப்பிடில் ஒரு பகுதி விடுபட்டுப்போனது. அணுவின் பரப்பையும் அவர்கள் குறைத்தே கணித்திருந்தனர். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, முடிவு சரியாக வந்தது.

இந்த ஈரடுக்கு உறைந்து நிற்பதில்லை. 1970இல் ஃபிரை, எடிடின் என்ற ஆய்வாளர்கள் எலியின் செல்லையும் மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் வெப்பநிலையில் சுமார் 40 நிமிடங்களுக்குள் இரு நிறங்களும் முழுதாகக் கலந்துவிட்டன. 1972இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் முன்வைத்த பாய்மப் பல்திட்டு மாதிரி இத்தகைய சான்றுகளின் மேல் எழுந்தது. லிப்பிடுகளின் நீர்மப் பரப்பில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்பது அதன் சாரம். விலங்குச் செல்களில் இடையிடையே செருகி நிற்கும் கொலஸ்டிரால், சவ்வு மிகவும் இளகிவிடாமலும் குளிரில் இறுகிவிடாமலும் பார்த்துக்கொள்கிறது.

இரண்டு அடுக்குகளும் ஒரே மாதிரியானவை அல்ல. பாஸ்படிடைல்செரின் என்ற லிப்பிடு நலமான செல்லில் உள்ளடுக்கில் மட்டுமே இருக்கும். செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கட்டத்தில் அது வெளிப்பக்கம் வந்துவிடுகிறது. அதைக் கண்டறியும் விழுங்கணுக்கள் அந்தச் செல்லை அப்புறப்படுத்துகின்றன. லிப்பிடுகூடச் செய்தி சொல்லும் என்பதற்கு இது சான்று.

கடக்கும் வழிகள்

ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு, ஸ்டீராய்டு ஹார்மோன்கள் போன்றவை லிப்பிடு அடுக்கை நேரடியாகக் கடந்து செல்லும். மின்னேற்றம் கொண்ட அயனிகளால் அது முடியாது. சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவையும் மிக மெதுவாகவே கடக்கும். அவற்றுக்கெனச் சவ்வை ஊடுருவி நிற்கும் புரதங்கள் உள்ளன: அயனிகளைப் பாயவிடும் கால்வாய்கள், மூலக்கூறைப் பற்றி மறுபுறம் விடும் கடத்திகள், ஆற்றலைச் செலவிட்டு எதிர்த்திசையில் தள்ளும் பம்புகள்.

தண்ணீர் ஒரு தனிக் கதை. உப்பிட்ட மாங்காய்த் துண்டு ஜாடியில் நீர் விடுவது சவ்வூடு பரவலால்தான். உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் நகர்கிறது. ஆனால் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் நீர் நகரும் வேகம், லிப்பிடின் வழியே மட்டும் சாத்தியப்படாத அளவுக்கு அதிகம். இதற்கான கால்வாய்ப் புரதமான அக்வாபோரினைப் பீட்டர் ஏக்ரி கண்டறிந்தார். 1992இல் தவளை முட்டைச் செல்லில் அதை உருவாக்கிக் காட்டியபோது, அந்த முட்டைகள் நன்னீரில் வீங்கி வெடித்தன. ஒரு அக்வாபோரின் வழியே நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் செல்கின்றன. ஒரு புரோட்டான்கூட நுழைய முடியாது. சிறுநீரகத்தில் இதன் ஒரு வகை சமிக்ஞைக்குக் கட்டுப்பட்டது. உடலில் நீர் குறையும்போது மூளையிலிருந்து வரும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் செல்லின் ஏற்பியில் படிகிறது. செல்லுக்குள் சிறு பைகளில் காத்திருக்கும் அக்வாபோரின்கள் சவ்வுக்கு வந்து பதிகின்றன; சிறுநீராகப் போகவிருந்த நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது.

பொட்டாசியம் கால்வாயின் புதிர் இதைவிட நுட்பமானது. சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. இருந்தும் பெரியது புகும் வழியில் சிறியது புக முடிவதில்லை. 1998இல் ரோடரிக் மெக்கினன் படிகமாக்கிக் காட்டிய வடிவம் விடை தந்தது. அயனி கால்வாய்க்குள் நுழையத் தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளைக் கழற்ற வேண்டும். கால்வாயின் குறுகிய பகுதியிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியத்துக்கு அந்த இழப்பைச் சரியாக ஈடுசெய்யும் தொலைவில் வரிசையாக நிற்கின்றன. சிறிய சோடியத்துக்கு அந்தத் தொலைவு பொருந்துவதில்லை. ஏக்ரிக்கும் மெக்கினனுக்கும் 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சோடியம்–பொட்டாசியம் பம்பு

செல்லுக்கு வெளியே ஒரு லிட்டரில் சுமார் 145 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. உள்ளே 12 அளவில்தான். பொட்டாசியம் இதற்கு நேர்மாறு: உள்ளே 140, வெளியே 4. இந்த வேறுபாட்டைக் காப்பது 1957இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ நண்டு நரம்பில் கண்டறிந்த பம்பு. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது. அரளியில் உள்ள நஞ்சு தாக்குவதும் இந்தப் பம்பையே. இதயத் துடிப்பு குலைவது அதனால்தான். இதயநோய் மருந்தான டிஜாக்சினும் அதே இடத்தில், கவனமாக அளந்த அளவில், வேலை செய்கிறது.

இவ்வளவு ஆற்றலைச் செலவிட்டு உடல் பெறுவது என்ன? மேல்நிலைத் தொட்டியில் நீரை ஏற்றி வைத்தால் வீட்டின் எல்லாக் குழாய்களிலும் அழுத்தம் கிடைப்பது போல, வெளியே குவிந்த சோடியம் உள்ளே பாயத் தயாராக நிற்கிறது. அந்தப் பாய்ச்சலைப் பற்றிக்கொண்டு பிற கடத்திகள் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் உள்ளே இழுக்கின்றன. நரம்புச் செல்லின் மின்துடிப்பும் இதே வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது. ஓய்வு நிலையில் நரம்புச் சவ்வின் இருபுறமும் 70 மில்லிவோல்ட் வேறுபாடு உள்ளது. எண் சிறியதுதான், ஆனால் சவ்வு அவ்வளவு மெல்லியது என்பதால், மின்புல வலிமை மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் அளவில் அமைகிறது. சவ்வுப் புரதங்கள் இத்தகைய புலத்துக்குள்தான் வாழ்கின்றன.

சமிக்ஞை

பெரும்பாலான ஹார்மோன்களும் நரம்புக் கடத்திகளும் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளியிலுள்ள ஏற்பிப் புரதத்தில் படிந்து அதன் வடிவை மாற்றுகின்றன. அந்த மாற்றம் சவ்வின் உட்புறத்தில் தெரிகிறது. இன்சுலின் ஏற்பி தன்மேல் பாஸ்பேட்டைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. முடிவில் தசை, கொழுப்புச் செல்களில் குளுக்கோசுக் கடத்திகள் சவ்வுக்கு வந்து சேர்கின்றன. மற்றொரு பெருங்குடும்பம் ஜி புரதத்தோடு இணைந்த ஏற்பிகள். மனித மரபணுத் தொகுப்பில் இவற்றுக்குச் சுமார் 800 மரபணுக்கள் உள்ளன. அட்ரினலின், வாசோபிரெசின் முதல் மணமும் ஒளியும் வரை இவற்றின் வழியே உணரப்படுகின்றன.

அட்ரினலின் ஏற்பியில் படிந்ததும் ஜி புரதம் ஜிடிபி மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு விழிக்கிறது. அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டுகிறது. அது சுழல் ஏஎம்பி மூலக்கூறுகளை ஏராளமாக உருவாக்குகிறது. ஒரு ஹார்மோன் மூலக்கூறு இப்படி ஆயிரக்கணக்கான உள் தூதுவர்களாகப் பெருகுகிறது. ஜி புரதமே ஜிடிபியைச் சிதைத்துத் தன்னை அணைத்துக்கொள்ளும் என்பது இதில் மிக முக்கியம். காலராவின் நஞ்சு கைவைப்பது இந்த அணைக்கும் திறனில்தான்.

கால்வாயும் ஏற்பியும் ஒரே புரதமாக இருப்பதற்கு மிளகாய்க் காரம் நல்ல உதாரணம். 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டறிந்த டிஆர்பிவி1 கால்வாய் சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும். மிளகாயிலுள்ள கேப்சைசின் பட்டாலும் திறக்கும். சோடியமும் கால்சியமும் உள்ளே பாய, நரம்பு எரிச்சலை மூளைக்குச் சொல்கிறது. நாக்கு எரிகிறது என்கிறோமே, நரம்பைப் பொறுத்தவரை அது சூடேதான். பறவைகளின் டிஆர்பிவி1 கேப்சைசினுக்கு அசைவதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கூசாமல் கொத்தித் தின்பது அதனால்தான்.

காலரா: சவ்வில் நடக்கும் நோய்

காலராவில் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழந்து, சில மணி நேரத்தில் இறந்துபோகலாம். கிருமியின் நஞ்சே இதற்குக் காரணம் என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே நிறுவினார். கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் கட்டப்பட்ட குடல் பகுதியில் செலுத்தியபோதும் அங்கே நீர் நிறைந்தது. அறிவியல் உலகம் அவருக்குத் தந்த மரியாதை அந்தக் கண்டுபிடிப்பின் பெருமைக்கு மிகக் குறைவு. அடுத்த ஆண்டு பாங்காக்கில் நோயாளிகளின் குடல் திசுவை எடுத்து ஆராய்ந்தவர்கள் மேற்பரப்பு சிதையவில்லை என்று கண்டார்கள். குடல் புண்ணாகி உரிந்து நீர் கசிகிறது என்ற நெடுநாள் நம்பிக்கை தகர்ந்தது. செல்கள் நலமாகவே இருந்தன. அவற்றின் சமிக்ஞைதான் கெட்டிருந்தது.

நஞ்சின் ஐந்து பி துணையலகுகள் குடற்செல் சவ்விலுள்ள ஜிஎம்1 என்ற சர்க்கரை லிப்பிடைப் பற்றிக்கொள்கின்றன. செல் நஞ்சை உள்ளே எடுத்துக்கொள்ள, அதன் ஏ துணையலகு பிரிந்து ஜி புரதத்தில் ஒரு வேதித் தொகுதியை ஒட்டிவிடுகிறது. அதன் பின் அந்தப் புரதத்தால் தன்னை அணைக்க முடியாது. சுழல் ஏஎம்பி ஓயாமல் பெருகுகிறது. சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு கால்வாய் திறந்தபடியே கிடக்கிறது. குளோரைடு குடலுக்குள் பாய, சோடியம் பின்தொடர, இரண்டையும் நீர் பின்தொடர்கிறது. இதே சிஎஃப்டிஆர் பிறவியிலேயே பழுதாகித் திறக்காமல் போவதுதான் நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய். அதன் மரபணு 1989இல் அடையாளம் காணப்பட்டது.

உப்புச் சர்க்கரைக் கரைசல்

1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் ராபர்ட் கிரேன், குடற்செல் சர்க்கரையைச் சோடியத்தோடு சேர்த்தே உறிஞ்சுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். இன்று எஸ்ஜிஎல்டி1 எனப்படும் அந்தக் கடத்தி, ஒரு குளுக்கோசுக்கு இரண்டு சோடியத்தை உள்ளே கொண்டுவருகிறது. காலரா நஞ்சு இந்தக் கடத்தியைத் தொடுவதே இல்லை. நீர் வெளியேறும் வழி திறந்தே கிடந்தாலும், உள்ளே வரும் வழி கெடாமல் இருக்கிறது. வெறும் நீரோ வெறும் உப்பு நீரோ குடித்தால் அந்த வழி இயங்காது. குளுக்கோசும் உப்பும் ஒன்றாக இருந்தால் இயங்கும்.

1968இல் டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் காலரா நோயாளிகளிடம் இதை மெய்ப்பித்தனர். சிரை வழி ஏற்றும் திரவத்தின் தேவை சுமார் 80 விழுக்காடு குறைந்தது. 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் குளுக்கோசு, சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் கலந்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காடாக இறங்கியது. ஊசியும் மருத்துவமனைப் படுக்கையும் இல்லாத இடத்தில் ஒரு சவ்வுப் புரதத்தின் இயல்பை நம்பி எடுத்த முடிவு அது. அவர் 2022இல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இனிப்பு கூடினால் நன்மை கூடும் என்று எண்ணுவது ஆபத்து. உறிஞ்ச முடியாமல் மிஞ்சும் சர்க்கரை, குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். குளிர்பானங்கள் பேதிக்கு ஆகாது என்பது இதனால்தான். 2002இல் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் அடர்த்தியைக் குறைத்தது. இப்போதைய பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் சோடியம் 75, குளுக்கோசு 75 மில்லிமோல் இருக்கும். குறைந்த நீரில் கரைப்பது தவறு. அரிசியை அடிப்படையாகக் கொண்ட கரைசல் காலராவில் நல்ல பலன் தருவதும் இதே காரணத்தால். மாவுச்சத்து பெரிய மூலக்கூறு. நீரை அதிகம் இழுக்காமல், குடற்சவ்வின் அருகில் சிறிது சிறிதாகக் குளுக்கோசை விடுவிக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2000இல் இன்னொரு வழியைக் காட்டினர். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால், பெருங்குடல் பாக்டீரியங்கள் அதை நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக்கும். அவை அங்கேயும் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சத் தூண்டும்.

சிறுநீரகத்தின் சர்க்கரைக் கடத்தி

குடலிலுள்ள கடத்தியின் உறவினரான எஸ்ஜிஎல்டி2 சிறுநீரகத்தில் வேலை செய்கிறது. நாளொன்றுக்கு வடிகட்டப்படும் சுமார் 180 கிராம் குளுக்கோசில் 90 விழுக்காட்டை அதுவே இரத்தத்துக்குத் திருப்புகிறது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் இந்தக் கடத்திகளைத் தடுக்கும் என்பது பின்னாளில் தெரியவந்தது. அதன் வழித்தோன்றலாக டபாகிளிஃப்ளோசின் முதலிய நீரிழிவு மருந்துகள் உருவாயின. இதயச் செயலிழப்பிலும் நாள்பட்ட சிறுநீரக நோயிலும் இவை பயன் தருவது பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் உறுதியானது. இம்மருந்தை உண்பவரின் சிறுநீரில் எப்போதும் சர்க்கரை தென்படும். அதைக் கொண்டு அவருடைய நீரிழிவின் நிலையைக் கணிக்க முடியாது, இரத்தப் பரிசோதனையே பார்க்க வேண்டும்.