குறுக்குக் கம்பி

எழுத்தறிவிக்க எழுந்த இயக்கத்திற்குச் சைக்கிளோடு என்ன வேலை? நாம் பிறக்குமுன், 1991ஆம் ஆண்டில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் இதற்கு விடை தந்தது. தந்தையோ தமையனோ கணவனோ பின்னிருக்கையில் ஏற்றிச் சென்றாலன்றி ஊர் எல்லையைத் தாண்ட இயலாத பெண், உட்கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தறிவிப்பது எங்ஙனம்? மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதனை உணர்ந்தார். எழுத்தோடு சைக்கிளும் இயக்கத்தின் வேலையாயிற்று. வண்டி வாங்க வங்கிக் கடனும் வந்தது.

தெருவிலே ஏளனம் எழுந்தது, பழிச்சொல் பறந்தது. பெண் படித்தாலே பண்பாடு பாழாகும் என்றோரின் பரம்பரை அவ்வளவு விரைவிலா அற்றுப்போகும்! கல்லுடைப்போரும், கழனியில் உழைப்போரும், கிராமச் செவிலியரும் கேட்டுக்கொண்டே மிதித்தனர். 1992 மார்ச் 8, மகளிர் நாளன்று, கைப்பிடியில் கொடி பறக்க, மணி ஒலிக்க, 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளை நிறைத்தனர். ஓட்டக் கற்றோர் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது.

இவற்றினும் நம்மை வியக்க வைப்பது வேறொன்று. பெண்களுக்கென்று செய்த வண்டிகள் போதவில்லை. ஆண்கள் வண்டியையே எடுத்தனர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஓடும் குறுக்குக் கம்பி, சேலை உடுத்தியவளைத் தடுக்கும் வேலி என்றே நாம் எண்ணியிருந்தோம். சிலரோ, அந்த வண்டியே வேண்டும் என்றனர். ஏன்? கம்பியின்மேல் குழந்தையை உட்கார வைக்கலாமே! முன்னே பிள்ளை, பின்னே விளைபொருள் மூட்டை, நடுவே தாய்.

அப்பிள்ளைகள் இன்று முப்பதைக் கடந்தவர்கள். காலைதோறும் எம் பள்ளி வாயிலை அடைத்து நிற்கும் மோட்டார் வண்டிகளுக்கிடையே நாம் அந்தக் கம்பியைத் தேடுகிறோம்.