சீவாளியும் நாகசுரத்தின் சுர எல்லையும்

சீவாளி என்பது நாகசுரத்தில் வாய்வைத்து ஊதும் பகுதியாகும். நாணல் இனத்தைச் சேர்ந்த கொறுக்கைத் தட்டையைச் சீவிச் செய்வதால் இப்பெயர் பெற்றது. நாகசுரத்தின் நீண்ட மரக்குழல் உலவு எனவும், அதன் அடியிலுள்ள விரிந்த வாய் அணசு எனவும் அழைக்கப்படும். உலவின் தலைப்பில் கெண்டை என்னும் சிறிய உலோகக் குழாய் செருகப்பட்டிருக்கும். அதன்மீது சீவாளி பொருத்தப்படுகிறது. அளவில் மிகச் சிறியதாயினும், ஒலி பிறக்கும் இடம் இதுவே.

கடற்கரையில் ஒரு தேவை

காரைக்கால் பகுதியிலுள்ள திருவேட்டக்குடி திருஞானசம்பந்தரின் தேவாரம் பெற்ற தலம். மாசிமகத்தன்று இவ்வூர் இறைவன் வேடர் கோலத்தில் கடலாட எழுந்தருளுவது வழக்கம். இத்தகைய திறந்தவெளி விழாக்களுக்கு உரிய கருவியே நாகசுரம். அலையோசையையும் தவிலின் முழக்கத்தையும் கூட்டத்தின் இரைச்சலையும் மீறி அது கேட்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இதற்குப் பொருத்தமாக இருந்தது திமிரி என்னும் குட்டையான நாகசுரம். அதன் சுருதி ஏறக்குறைய நான்கு முதல் ஐந்து கட்டை வரை இருக்கும். குரல் கூர்மையாக ஒலித்து வெகுதூரம் செல்லும்.

கடற்கரையில் வாசிப்பவருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. தட்டை ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் விறைக்கும். காற்றின் ஈரம் மாறும்போது சீவாளியின் குணமும் மாறும். இதனால்தான் நாகசுரக் கலைஞர்கள் பல சீவாளிகளை நூலில் கோத்துக் கருவியிலேயே தொங்கவிட்டிருப்பர். சீவாளியின் வாயைச் சரிசெய்ய உதவும் சிறு ஊசியும் அக்கொத்தில் சேர்ந்திருக்கும்.

சீவாளியைத் தேர்ந்தெடுத்தல்

சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று நோக்கி அமைந்துள்ளன. மூச்சு உள்ளே செல்லும்போது இவை அதிர்ந்து, குழலினுள் இருக்கும் காற்றையும் அதிரச் செய்கின்றன. மேனாட்டுப் பித்தளைக் கருவியான டியூபாவில் வாசிப்பவரின் உதடுகளே அதிர்கின்றன. ஆகவே அதன் ஊதுவாய் கிண்ணம் போல அமைந்தது. பெரிய கிண்ணம் கீழ்ச் சுரங்களுக்கும், சிறிய கிண்ணம் மேல் சுரங்களுக்கும் துணை செய்யும். நாகசுரத்தில் அதிர்வது தட்டையாதலால், இங்கே பார்க்க வேண்டியவை இதழின் தடிப்பும் வாயின் திறப்புமே.

தடித்த சீவாளி மேல் தாயிச் சுரங்களைத் தாங்கி நிற்கும், ஆனால் உதட்டையும் மூச்சையும் விரைவில் களைக்கச் செய்யும். மெல்லிய சீவாளி எளிதாகப் பேசும், கீழ்ச் சுரங்களும் இதமாக வரும். எனினும் மேலே செல்லும்போது சுருதி இறங்கிவிடும். வாய் அதிகம் திறந்திருந்தால் காற்று வீணாகும், மிகவும் ஒடுங்கியிருந்தால் குரல் அடைத்துக்கொள்ளும். கருவியின் கட்டைக்கு ஏற்ற அளவும் தேவை. திமிரிக்கு உரிய சீவாளி நீண்ட நாகசுரத்துக்குப் பொருந்தாது. வாயில் நனைத்துப் பதப்படுத்திய பிறகே எந்தச் சீவாளியையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எல்லை விரியும் விதம்

நாகசுரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றின் கீழே பிரம்ம சுரங்கள் எனப்படும் ஐந்து துளைகள் உள்ளன. அவை விரலுக்கு உரியவை அல்ல. சுருதியைச் சரிசெய்ய மெழுகால் அடைப்பதற்கானவை. ஏழே துளைகளில் ஏறக்குறைய இரண்டரை தாயி கிடைப்பது எவ்வாறு? உலவின் உட்புறம் மேலிருந்து கீழாக அகன்று செல்லும் கூம்பு வடிவம் உடையது. ஆகவே உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் விசையையும் கூட்டினால், அதே விரல் நிலையில் சுரம் ஒரு தாயி மேலே எழும். அரைச் சுரங்களும் கமகங்களும்கூடத் துளையைப் பாதி மூடுவதாலும் உதட்டாலும் மூச்சாலுமே உருவாகின்றன. பல்லால் கடித்து மேல் சுரத்தை எட்டினால் ஒலி நெரியும். ஒவ்வொரு சுரத்தையும் நீளமாக நிறுத்தி ஊதி, உதடு பழகப் பழக அடுத்த சுரத்துக்கு ஏறுவதே முறையான சாதகம்.

பாரியின் வரவு

காரைக்காலுக்கு அருகிலுள்ள திருமருகலில் பிறந்தவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). தோடி இராக ஆலாபனையால் பெரும்புகழ் பெற்றவர். திமிரியில் சுத்த மத்தியமம் இயல்பாக அமையாமல், உதட்டாலும் மூச்சாலும் தணித்தே ஊத வேண்டியிருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி இவரது வேண்டுகோளுக்கு இணங்க, அச்சுரம் நேராகப் பேசும் நீண்ட நாகசுரத்தை ஆச்சா மரத்தில் செய்து தந்தார். பாரி எனப்படும் இவ்வகையின் சுருதி ஏறக்குறைய இரண்டு அல்லது இரண்டரை கட்டை. குரல் தாழ்ந்து, கனிந்து, வாய்ப்பாட்டுக்கு நெருங்கி வந்தது. மேடைக் கச்சேரியும் ஒலிபெருக்கியும் பரவிய காலத்துக்கு அது ஏற்றதாயிற்று. அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம் 1962ஆம் ஆண்டு வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து வாசித்தது, இக்கருவி பாட்டோடு எவ்வளவு ஒன்ற முடியும் என்பதைக் காட்டியது.

எனினும் பாரி வந்ததால் உழைப்பு குறையவில்லை. நீண்ட குழலுக்கு மூச்சு அதிகம் வேண்டும், துளைகளின் இடைவெளியும் கூடும். அதற்கெனப் பெரிய சீவாளியும் தேவைப்பட்டது.

இன்றைய நிலை

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. குழல் செய்யும் கைவினைக்கு இது உரிய சிறப்பு. நன்கு செய்த உலவு தலைமுறைகளுக்கு உழைக்கும். சீவாளியோ தேய்ந்து கிழிவது, அடிக்கடி மாற்ற வேண்டியது. அதற்குக் கொறுக்கை வளரும் ஆற்றங்கரை வேண்டும், தட்டையை வெட்டிப் பதப்படுத்தப் பொறுமை வேண்டும், தடிப்பை விரல் நுனியால் அறியும் கை வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், ஆச்சா மரத்தில் கடைந்த உயர்ந்த நாகசுரம் வெறும் மரக்குழலாகவே நிற்கும்.