இங்கிலாந்துக்கு ஒரு மகள்

சில வருஷத்துக்கு முன்னாடி, ஆங்கில வாக்கியங்களில் யாருக்கு யார் என்ன உறவு என்று கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். 'த கிங் ஆஃப் இங்கிலாந்த்ஸ் டாட்டர்' என்று கொடுத்தேன். இங்கிலாந்தின் மகள் என்றது. சிரித்துவிட்டேன். ஆனால் அதைக் குறை சொல்லவும் முடியவில்லை. அப்பாஸ்ட்ரஃபி எஸ் ஒட்டியிருப்பது இங்கிலாந்தில்தானே? மகளோ ராஜாவுடையவள்.

தமிழில் இந்த வம்பே கிடையாது. 'இங்கிலாந்து ராஜாவோட மகள்' என்றால் உருபு நேராக ராஜாமேல் விழுகிறது.

ஆங்கிலத்திலும் முன்பு அப்படித்தான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லோடு ஒட்டும், சொல்லுக்குச் சொல் மாறும். சாசர் கதைத் தலைப்பு ஒன்றையே பாருங்க. இன்று 'த வைஃப் ஆஃப் பாத்ஸ் டேல்'. அந்தக் காலத்து வடிவம் 'த வைவ்ஸ் டேல் ஆஃப் பாத்'. உருபு மனைவிக்கு, பாத் என்கிற ஊர் கதைக்குப் பின்னால் தனியாக நிற்கும். அப்புறம் மற்ற உருபுகளெல்லாம் தேய்ந்து, எஸ் மட்டும் மிஞ்சியது. அது மெல்ல சொல்லை விட்டுவிட்டு, தொடரின் கடைசியில் போய் உட்கார்ந்தது. எந்தப் புலவரும் ஆணையிடவில்லை. பேசுகிறவர்கள் வாயில் நடந்த மாற்றம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அது 'ஹிஸ்' என்பதன் சுருக்கம் என்று நினைத்து 'த கிங் ஹிஸ்' என்று எழுதியவர்களும் உண்டு. தப்புதான், ஆனால் அழகான தப்பு.

ஏனென்றால் பெயர்த்தொடரை அடையாளம் காணும் சோதனையும் கிட்டத்தட்ட அதுவே. 'த கிங் ஆஃப் இங்கிலாந்த்ஸ்' முழுவதையும் தூக்கிவிட்டு 'ஹிஸ்' போடுங்க, வாக்கியம் நிற்கும். 'இங்கிலாந்த்ஸ்' மட்டும் மாற்றினால் 'த கிங் ஆஃப் ஹிஸ் டாட்டர்' என்று அர்த்தமே புரண்டுவிடும்.

1957-இல் சாம்ஸ்கி, வாக்கியம் என்பது பெயர்த்தொடரும் வினைத்தொடரும் என்று விதியாகவே எழுதினார். அவருடைய பெயர்த்தொடர், பெட்டிக்குள் பெட்டி. கணினிக்கு அது கனம். 1995-இல் ராம்ஷாவும் மார்கஸும் உள்பெட்டிகளைத் தட்டையாக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று குறிகளில் ஒன்றைக் கொடுத்தார்கள்: தொடக்கம், உள்ளே, வெளியே. வேகமான, புத்திசாலித்தனமான வழி. ஆனால் அப்பாஸ்ட்ரஃபி எஸ்ஸை எங்கே வைப்பது? அடுத்த துண்டின் முதல் சொல்லாக்கிவிட்டார்கள்.

ஆக ராஜா ஒரு துண்டு, இங்கிலாந்து ஒரு துண்டு, எஸ்ஸோடு மகள் ஒரு துண்டு. மகளுக்குப் பக்கத்தில் இருப்பது யார்? என் நிரலும் அந்த மாதிரி வெட்டிய தரவில் படித்ததுதான்.