டேலியா: பெயரும் உழைப்பும்

மலரைக் கண்டு மகிழும் நாம், அதற்குப் பெயர் சூட்டியவர் யார், அதனை வாழவைத்தவர் யார் என்று வினவுவதில்லை. டேலியாவின் சரித்திரம் இவ்விரு வினாக்களையும் நம்முன் வைக்கின்றது.

இச்செடியின் தாயகம் மெக்சிக்கோவின் மேட்டுநிலமாகும். ஸ்பானியர் 1521இல் அஸ்டெக் தலைநகரை வீழ்த்துமுன்னரே அந்நாட்டு மக்கள் இதனை அறிந்திருந்தனர். தம் மொழியிற் பெயரிட்டும் வழங்கினர். ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் மருத்துவரான பிரான்சிஸ்கோ ஹெர்னாண்டஸ் 1571 முதல் 1577 வரை அங்கு தங்கி, அம்மக்களிடம் கேட்டறிந்தே இதனைப் பற்றி எழுதினார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இது மட்ரிட் தாவரவியற் பூங்காவை அடைந்தது. அங்கு மலர்ந்த செடியை 1791இல் விவரித்த கவனில்யெஸ் என்னும் அறிஞர், சுவீடன் நாட்டவரான அண்டர்ஸ் டால் என்பவரின் நினைவாக 'டேலியா' எனப் பெயரிட்டார். டாலோ 1789இலேயே இறந்துவிட்டார். பின்னர் பேர்லின் அறிஞர் வில்டெனோ வேறோர் அறிஞரின் பெயரால் 'ஜோர்ஜினா' என்றழைத்தார். ருசிய மொழியில் இன்றும் அப்பெயரின் சாயலே வழங்குகின்றது. இவ்விரு பெயர்களிலும் மெக்சிக்கோவின் மண்ணுக்கோ மக்களுக்கோ இடமில்லை.

பெயர் ஏட்டில் நிலைத்தது. ஆனால் செடி நிலைத்ததெவ்வாறு? மெக்சிக்கோவின் வறண்ட பருவத்தைத் தாண்டுவதற்கென்றே இச்செடி மண்ணுள் வற்றாளை போன்ற கிழங்குகளில் உணவைச் சேமிக்கின்றது. வட ஐரோப்பாவின் உறைபனியோ மண்ணுள்ளும் புகுந்து கிழங்கை அழுகச் செய்துவிடும். ஆகவே முதற் பனியில் இலைகள் கருகியதும் தோட்டக்காரன் தண்டை வெட்டி, கிழங்கு முறியாமல் அகழ்ந்தெடுத்து, ஈரம் உலர்த்தி, உலர்ந்த மணலில் இட்டு, குளிர் மிகாத நிலவறையிற் காக்கின்றான். அழுகியதை அவ்வப்போது அகற்றுகின்றான். வசந்தத்திற் பிரித்து நடும்போது ஒவ்வொரு துண்டிலும் தண்டின் அடிப்பகுதியும் ஒரு முளைக்கண்ணும் இருத்தல் வேண்டும். கண்ணற்ற கிழங்கு எத்துணை பருத்ததாயினும் முளைக்காது. உறைபனி முற்றாக நீங்கிய பின்னரே அது மீண்டும் மண்ணைக் காணும்.

வறட்சிக்கென அமைந்த கிழங்கு, பனி நாட்டில் மனிதக் கரத்தாலேயே உயிர் பிழைத்தது. ஓராண்டு அக்கரம் தவறியிருப்பின், அத்தோட்டத்தில் மறு கோடையிற் பூவில்லை.

மெக்சிக்கோ 1963இல் டேலியாவைத் தன் தேசிய மலராக அறிவித்தது. பறிபோன உரிமையொன்று இவ்வாறு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அதனை முதலில் அறிந்த உழவர்களின் பெயர்களும், குளிர்காலந்தோறும் நிலவறையிற் காத்த தோட்டக்காரர்களின் பெயர்களும் எந்த ஏட்டிலும் இல்லை. மலரின் சரித்திரத்தை எழுதும் நாம் அவர்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.