உத்தம சோழர் குற்றவாளியா?

'பொன்னியின் செல்வன்' படம் 2022, 2023-இல் இரண்டு பாகங்களாக வந்த பிறகு, நாவலை மறுபடி எடுத்துப் படித்தவர்கள் நம் குடியிருப்பில் பலர் இருப்பீர்கள். ஆதித்த கரிகாலனை யார் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்ற கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே முதலாம் இராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைச் சொல்லி, அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிமுதலானதை அது தெரிவிக்கிறது. காரணம் சொல்லவில்லை. இரவிதாசனின் பட்டம் 'பஞ்சவன்' என்று தொடங்குகிறது. அது பாண்டியனைக் குறிக்கும் சொல். பரமேசுவரனுக்கோ 'இருமுடிச்சோழ' என்ற பட்டம். அப்படியானால் இது பாண்டியர் பழிவாங்கியதா, அரண்மனைக்குள்ளேயே நடந்த சதியா?

சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த நீலகண்ட சாஸ்திரி, சுந்தர சோழருக்குப் பின் பட்டத்துக்கு வந்த உத்தம சோழரைச் சந்தேகித்தார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: உத்தம சோழரின் மகன் இராஜராஜன் ஆட்சியில் கோயில்களை மேற்பார்வையிடும் உயர்பதவியில் இருந்தார். அண்ணனைக் கொன்றவரின் மகனுக்கு அப்படிப்பட்ட பொறுப்பை யாராவது கொடுப்பார்களா?

1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய கல்கி, இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார் என்பதைக் கவனியுங்கள். அவர் உத்தம சோழரை இரண்டு ஆட்களாக்கிவிட்டார். பதவி ஆசை முழுவதும் போலி மதுராந்தகனுக்கு. கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மையான பிள்ளை. முடி சூடுபவனும் அவன்தான். படத்தில் இந்த ஆள்மாறாட்டம் இல்லை. அதனால் படம் மட்டும் பார்த்தவர்களுக்குக் கல்கி உத்தம சோழர்மீது காட்டிய பரிவு தெரிய வாய்ப்பில்லை.

கல்வெட்டு சொல்லாத காரணத்தைச் சொல்லத்தான் நந்தினி வருகிறாள். அவள் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவளுடைய கோபத்துக்கு ஆதாரம் வரலாற்றில் இருக்கிறது. கரிகாலனுக்குப் 'பாண்டியன் தலைகொண்ட' என்ற பட்டமே உண்டு. அந்தத் தலைக்காக அழுத ஒரு பெண் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று கல்கி யோசித்திருக்கிறார்.

நந்தினியை நாம் எப்படி வேண்டுமானாலும் எடை போடலாம். உத்தம சோழர் நிஜமாக வாழ்ந்தவர். சாட்சி போதாமல் அவரைக் குற்றவாளி என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

சிதம்பரம் போகும்போது உடையார்குடிக்கும் போய் வாருங்கள். வந்தியத்தேவன் குதிரையில் வந்த வீராணம் ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தருவதும் அதே ஏரிதான்.