பென்ஷன் அவகாசமா, சகாயமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு போன் போடுவது என் வழக்கம். நான் இங்கே லீட்ஸில் போர்வையை விட்டு வெளியே வராமல் பேசும் நேரத்தில், அங்கே கொழிஞ்சாம்பாறையில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். 2024 ஏப்ரலில் அப்படிப் பேசும்போது அத்தை பதறிப்போய்ச் சொன்னார்: "கண்ணு, பென்ஷனுக்கு அவகாசம் இல்லைன்னு டிவியில சொல்றாங்க. கெடு முடிஞ்சு போச்சா?"

பின்னாலிருந்து மாமாவின் குரல்: "அவகாசம்னா மலையாளத்துல உரிமை புள்ள. நமக்கு அதுல உரிமை இல்லைங்கிறாங்க."

அத்தை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். முப்பது வருஷமாகியும் மலையாளம் அரைகுறைதான். அன்று நாங்கள் மூவரும் சிரித்தோம். ஆனால் போனை வைத்தபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மாமாவுக்கு இரண்டு வயதில் போலியோ. ஒரு காலால் தையல் மிஷின் மிதித்தே பிழைப்பை ஓட்டியவர். அவருக்கு வருவது கேரள அரசின் மாற்றுத்திறனாளி பென்ஷன். அப்போது மாதம் 1,600 ரூபாய். அதுவும் பல மாதமாக வரவில்லை.

சரி, கொஞ்சம் பழைய கதை பார்ப்போம்.

எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பாலக்காடு மலபாரோடு சேர்ந்து சென்னை மாகாணத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். அங்கே தோட்டத் தமிழர்கள் 1954-இல் போராடிப் பார்த்தும், 1956 நவம்பர் 1 அன்று எல்லாம் கேரளம் என்று ஆனது. 1972-இல் இடுக்கி தனி மாவட்டமானது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் பெண் எடுப்போம், வைத்தியத்துக்குக் கோயமுத்தூர் போவோம். ஆனால் ரேஷன் கார்டும் பென்ஷனும் இந்தப் பக்கம். அதனால் இரண்டு அரசுகளையும் ஒப்பிட்டுப் பேசுவது எங்கள் ஊர் டீக்கடையில் தினசரி வேலை.

சென்னை மாகாணத்தில் முதியோர் பென்ஷன் 1962-இல் வந்தது, மாதம் 20 ரூபாய். கேரளத்தில் ஆதரவற்றோருக்கு 1960-களிலேயே உதவித்தொகை இருந்தது. 1980-இல் நாயனார் அரசு விவசாயத் தொழிலாளர்களுக்கு மாதம் 45 ரூபாய் பென்ஷன் கொண்டு வந்தது. நெல்வயல் நிறைந்த பாலக்காட்டில் அது பெரிய விஷயம். காலமெல்லாம் அடுத்தவன் வயலில் குனிந்து நின்றவருக்கு, வேலை செய்ய முடியாத வயதில் அரசு பணம் தரும் என்பதையே அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. 1982-இல் உடல் ஊனமுற்றவர்களுக்கும் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கும் சிறப்புப் பென்ஷன் வந்தது. ('ஊனமுற்றோர்' என்பது அந்தக் காலத்துச் சொல். இப்போது மாற்றுத்திறனாளி.)

மத்திய அரசு இந்த விஷயத்தில் ரொம்பத் தாமதம். 1995-இல் முதியோருக்குத் தேசியத் திட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. முதலில் 200 ரூபாய், 2012-இல் 300. அதற்குப் பிறகு எத்தனையோ பட்ஜெட் வந்து போயும் அந்த 300 அசையவில்லை. கேரளத்தில் 40 சதவீதம் இருந்தாலே பென்ஷன் உண்டு. ஆகவே மாமா மாதிரி ஆட்களுக்கு முழுச் சுமையும் மாநிலத்தின் தலையில்தான்.

அந்தச் சுமை சின்னதல்ல. எல்லாவகை நலப் பென்ஷன்களையும் சேர்த்தால் அப்போது ஏறத்தாழ 62 லட்சம் பேர், மாதம் சுமார் 900 கோடி ரூபாய். இதற்காகவே கடன் வாங்க 2018-இல் ஒரு தனிக் கம்பெனி தொடங்கினார்கள். அந்தக் கடனையும் மாநிலத்தின் கடனாகவே கணக்கிட்டு, வாங்கக்கூடிய கடனின் வரம்பை மத்திய அரசு இறுக்கியது. கேரளம் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஏப்ரலிலிருந்து பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ், மதுபாட்டிலுக்குத் தனி செஸ் என்று பென்ஷனின் பெயரைச் சொல்லியே வசூலித்தார்கள். ஆனாலும் 2024 தொடக்கத்தில் ஆறு மாதப் பாக்கி விழுந்துவிட்டது.

யார் மேல் தப்பு என்று திருவனந்தபுரமும் டில்லியும் அடித்துக்கொண்டன. அடி விழுந்தது வேறு இடத்தில்.

இடுக்கி மாவட்டம் அடிமாலியில் 2023 நவம்பரில் இரண்டு மூதாட்டிகள் பாக்கிப் பென்ஷன் கேட்டு, கையில் சட்டியோடு தெருவில் பிச்சையெடுத்துப் போராடினார்கள். அவர்களில் ஒருவருக்கு நிலமும் வசதியும் இருப்பதாக ஒரு பத்திரிகை எழுதியது. அவர் வில்லேஜ் ஆபீசுக்குப் போய், நிலமே இல்லை என்று சான்றிதழ் வாங்கிக் காட்டினார். பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. 2024 ஜனவரியில் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு மாற்றுத்திறனாளி முதியவர் பென்ஷன் நின்றுபோன நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. பிப்ரவரியில் மறுபடியும் அடிமாலிப் பக்கம். மாற்றுத்திறனாளியான மனைவியும் வயதான கணவரும் தங்கள் பெட்டிக்கடைக்கு முன்னால், கருணைக்கொலைக்குத் தயார் என்று பலகை எழுதி வைத்தார்கள்.

தொகை 1,600 ரூபாய்தான். இங்கே இரண்டு பேர் ஹோட்டலில் சுமாராகச் சாப்பிட்டால் அதைவிட அதிகம் ஆகும்.

இந்தச் சமயத்தில்தான், 2024 ஏப்ரலில், அரசு உயர்நீதிமன்றத்தில் சொன்னது: நலப் பென்ஷன் சட்டப்படியான உரிமையல்ல, அரசு செய்யும் உதவி. எவ்வளவு, எப்போது என்பதை அரசுதான் முடிவு செய்யும். அத்தை டிவியில் கேட்டது இதைத்தான்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடினேன். அரசியல் சாசனத்தின் 41-ஆவது பிரிவு, முதுமையிலும் நோயிலும் ஊனத்திலும் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. பாருங்கள், உதவியும் உரிமையும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன! ஆனால் அது வழிகாட்டும் கோட்பாடு மட்டுமே. அதை வைத்துக் கோர்ட்டில் வாதாடி வாங்க முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், இதே மாதிரித் திட்டங்களில் மற்றவர்களுக்குத் தருவதைவிட இவர்களுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. (அதிலும் 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வால் உண்டு.) கேரளத்திலோ அப்போது முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி எல்லோருக்கும் அதே 1,600-ஆகத்தான் இருந்தது.

நிற்க. இங்கிலாந்தில் இருந்துகொண்டு இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் வேலை பார்க்கும் இதே லீட்ஸிலிருந்தும், மான்செஸ்டர், நியூபோர்ட் ஊர்களிலிருந்தும் 1920 ஏப்ரலில் பார்வையற்ற தொழிலாளர்கள் லண்டனுக்கு நடந்தே போனார்கள். ஏறத்தாழ மூன்று வாரம். தர்ம ஸ்தாபனங்கள் நடத்திய பட்டறைகளில் சொற்பக் கூலிக்குக் கூடை பின்னியவர்கள் போன்றோர்தான் அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள். அவர்கள் பிடித்த பதாகையில் இருந்தது 'நீதி வேண்டும், தர்மம் வேண்டாம்' என்பதுதான். ஏப்ரல் 25 அன்று டிரபால்கர் சதுக்கம் சேர்ந்தார்கள், பிரதமர் லாயிட் ஜார்ஜைச் சந்தித்தார்கள். அந்த வருஷமே பார்வையற்றோர் சட்டம் வந்தது. அவர்களுக்கான பென்ஷன் வயது 70-லிருந்து 50 ஆனது.

அப்படிப்பட்ட நாட்டிலும் கதை முடியவில்லை. 2025 மார்ச்சில் இங்கத்திய அரசு மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான தகுதியை இறுக்கப் போவதாக அறிவித்தது. சக்கர நாற்காலியில் வந்து ஜனங்கள் போராடினார்கள். ஆளுங்கட்சி எம்.பி.க்களே கலகம் செய்ய, ஜூலை 1 அன்று ஓட்டெடுப்புக்குச் சற்று முன்பு முக்கியமான வெட்டை அரசு கைவிட்டது. எல்லாவற்றையும் அல்ல. 2026 ஏப்ரல் முதல் புதிதாக விண்ணப்பிக்கும் பலருக்கு உடல்நலம் சார்ந்த தொகை ஏறத்தாழ பாதி என்பது சட்டமாகிவிட்டது. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். இங்கே வெட்ட வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் சட்டம் கொண்டுவர வேண்டும், எதிர்க்க ஒரு நாள் கிடைக்கும். எங்கள் ஊரில் யாரும் வெட்டவில்லை. அந்த மாதம் பணம் வரவில்லை, அவ்வளவுதான். எதை எதிர்த்துப் போராடுவது?

மாமாவின் பயம் இன்னொரு பக்கமும் இருந்தது. 2023 பிப்ரவரிக்குள் வருமானச் சான்றிதழ் கொடுக்கச் சொன்னார்கள், குடும்ப வருமானம் வருஷம் ஒரு லட்சம் தாண்டக் கூடாது. வருஷாவருஷம் மஸ்டரிங்கில் கைரேகை வைக்க வேண்டும். 2024 நவம்பரில் 1,458 அரசு ஊழியர்கள் இந்தப் பென்ஷனை வாங்கியது வெளியே வந்தபோது, திருடர்களைப் பிடிப்பது நல்லதுதான் என்று நானும் சொன்னேன். மாமா வேறு மாதிரி சொன்னார்: "அவங்க செஞ்சதுக்கு இனி எங்க வீட்டுக்குத்தான் வந்து பாப்பாங்க. நீ அனுப்புன காசுல டைல்ஸ் போட்டுட்டேன் கண்ணு. அதப் பாத்து வெட்டிருவாங்களோ?"

வழுக்காமல் நடக்கட்டும் என்று சொரசொரப்பான டைல்ஸாகப் பார்த்து நான்தான் போடச் சொன்னேன். அதற்கு அவர் பயப்பட வேண்டியதாகிவிட்டது.

"பணம் நான் அனுப்பறேன் மாமா, விடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ அனுப்பறது நீ நல்லவன்கிறதால வருது. அது அப்படி வரக்கூடாது" என்றார். 1920-இல் லீட்ஸ்காரர்கள் நடந்து போய்ச் சொன்னதும் இதைத்தான்.

பாக்கியெல்லாம் தவணை தவணையாக வந்து 2025 நவம்பரில் தீர்ந்தது. அந்த மாதமே பென்ஷனும் 2,000 ஆனது. மாமாவுக்குச் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் கோர்ட்டில் சொன்ன அந்த ஒரு வார்த்தை இருக்கும்வரை அடுத்த நெருக்கடியில் முதலில் நிற்கப்போவது இதுதான். தொகையைக் கூட்டியது போல, இன்ன தேதிக்குள் தந்தே ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் போடட்டும். அதுவரை அத்தை தப்பாகப் புரிந்துகொண்டதுதான் சரி. கையில் இருப்பது அவகாசம்தான், தமிழ் அர்த்தத்தில்.

பி.கு.: உங்கள் வீட்டிலும் பென்ஷன் வாங்கும் மாற்றுத்திறனாளி யாராவது இருந்தால், மஸ்டரிங் தேதியை மறக்காமல் விசாரித்து வையுங்கள். நகர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் ஏற்பாடு உண்டு, கேட்டுப் பாருங்கள்.