மூச்சுக்கு வழிவிட்ட கைகள்

வரலாறு என்றவுடன் நம் மனக்கண் முன் முடியும் கொடியும், கோட்டையும் கொத்தளமும் வந்து நிற்கின்றன. பல்லாண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த நானும் பெரும்பாலும் அவற்றையே கற்பித்தேன். ஒரு தாய் தன் குழந்தையின் முதுகைத் தட்டுகிறாளே, அந்தத் தட்டலுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று அந்நாளில் எவரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்பேன். இன்று உங்களுக்கு அந்த வரலாற்றைத்தான் சொல்லப் போகிறேன். அதில் அரசர் இல்லை. ஆனால், எல்லாரும் நல்லது என்று நம்பிப் பல்லாண்டு செய்துவந்த ஒரு பிழையும், அதனை ஐயுற்று அளந்து பார்த்த ஒரு பெண்மணியும் உண்டு.

ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் பழைய நம்பிக்கை ஒன்று வழங்கிவந்தது. குழந்தையின் நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரித்தால், அக்குழந்தை நெடுநாள் வாழாது என்பதே அது. அதைச் சூனியத்தின் வேலை என்று அஞ்சினர். அவர்கள் கற்பித்துக்கொண்ட காரணம் தவறு. கண்ட அடையாளமோ தவறன்று. உடலில் உப்புக் கரிக்கும் அந்த நோயை இன்று மருத்துவ உலகம் சிஸ்டிக் பைப்ரோஸிஸ் என்று அழைக்கிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே மரபணு பழுதுபட்ட நிலையில் குழந்தைக்கு வந்து சேர்ந்தால் இந்நோய் உண்டாகிறது. பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். பிள்ளையைத்தான் நோய் பற்றும்.

இதனைத் தனி நோய் என்று பிரித்துக் காட்டியவர் நியூயார்க் நகரில் பணியாற்றிய டாரதி ஆண்டர்சன் என்னும் அம்மையார். பெண் என்பதால் அறுவை மருத்துவத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே இறந்தோர் உடலை ஆராய்ந்து நோயின் காரணம் காணும் துறைக்கு வந்தார். உண்ட உணவு செரியாமல் மெலிந்து மாண்டதாகக் கருதப்பட்ட ஒரு குழந்தையின் உடலை ஆராய்ந்தபோது, அதன் கணையம் தழும்பேறிக் கிடப்பதைக் கண்டார். ஒத்த நிகழ்ச்சிகளைத் தேடித் திரட்டி 1938-இல் அவர் எழுதிய கட்டுரையே இத்துறையின் முதல் ஏடு எனலாம். பின்னர் 1948-ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கில் கடும் வெப்பம் வீசியது. வெப்பத்தால் சோர்ந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளுள் இந்நோயினர் மிகுதியாக இருந்தனர். அதைக் கவனித்த மருத்துவருள் ஒருவரான பால் டி சான்ட் ஆக்னீஸ், இக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறுகிறது என்பதை 1953-இல் வெளியிட்டார். பாட்டிமார் நாவால் அறிந்ததை ஆய்வுக்கூடம் அளவால் அறிந்தது. 1959-இல் கிப்ஸன், குக் என்னும் இருவர் மெல்லிய மின்னோட்டத்தின் துணையால் வியர்வையை வரவழைத்துச் சோதிக்கும் முறையை வகுத்தனர். இன்றும் இந்நோயை உறுதிசெய்ய அச்சோதனையே செய்யப்படுகிறது.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. குழந்தையைக் காப்பது எப்படி? அதை அறிய நுரையீரலுக்குள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும். நம் மூச்சுக் குழாய்களின் உட்சுவரின் மேல் மெல்லிய கோழைப் படலம் ஒன்று படர்ந்திருக்கிறது. உட்செல்லும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இடையறாது அசைந்து, அப்படலத்தைத் தொண்டை நோக்கி மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். வாய்க்காலில் நீர் ஓடினால் சருகு தங்காது. நீர் வற்றிச் சேறானால் சருகும் தங்கும், புழுவும் தங்கும். சிஸ்டிக் பைப்ரோஸிஸ் நோயில் நிகழ்வது இதுவே. உப்பும் நீரும் உயிரணுவின் சுவரைக் கடக்கும் வழி பழுதுபடுவதால் கோழை பிசின்போல் இறுகுகிறது. நுண்மயிர்கள் ஓய்ந்துவிடுகின்றன. கிருமிகள் குடியேறுகின்றன. இருமலும் காய்ச்சலுமாக நுரையீரல் ஆண்டுக்காண்டு சிதைகிறது. 1950-களில் இந்நோயோடு பிறந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் பள்ளி வயதைக் காணவில்லை.

விந்தை என்னவென்றால், நோய்க்குப் பெயர் வருவதற்கு முன்பே மருந்தின் ஒரு பாதி இருந்தது. இலண்டனில் வில்லியம் யூவர்ட் என்ற மருத்துவர் 1901-இல் ஒரு கட்டுரை எழுதினார். மூச்சுக் குழாய்கள் விரிந்து, அவற்றில் சீழ்க்கோழை தேங்கித் துன்புறும் பெரியவர்களுக்கான வழி அதில் சொல்லப்பட்டது. குடத்தைக் கவிழ்த்தால் நீர் வடிகிறது. நுரையீரலையும் தக்கவாறு சாய்த்தால் தேங்கியது வடியாதா? இவ்வளவு எளிய எண்ணமே அதன் உயிர். நுரையீரலின் குழாய்கள் தலைகீழாக நட்ட மரம்போலக் கிளைத்திருக்கின்றன. எந்தக் கிளையில் கோழை தேங்கியுள்ளதோ, அந்தக் கிளையின் வாய் கீழ்நோக்குமாறு நோயாளரைக் கிடத்த வேண்டும். மேற்பகுதிக்கு அமர்ந்த நிலை போதும். அடிப்பகுதிக்கோ கட்டிலின் கால்மாட்டை உயர்த்தித் தலையைத் தாழ்த்த வேண்டும். பின்னர் 1930-களில் இலண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் வினிபிரட் லின்டன் என்னும் அம்மையார் மூச்சுப் பயிற்சிகளைச் சேர்த்து இக்கலையை வளர்த்தார். இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி, நெஞ்சு நோய்க்கும் உரியது என்பது நிலைபெற்றது.

பெரியவர்க்கு வகுத்த இம்முறை குழந்தைகளுக்குப் பெருமளவில் வந்த இடம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம். 1957-இல் அங்கே லெராய் மாத்யூஸ் என்ற குழந்தை மருத்துவர் ஒரு திட்டம் தொடங்கினார். குழந்தை மூச்சுத் திணறி வந்த பின் மருத்துவம் செய்வதைவிட, திணறல் தோன்றுவதற்கு முன்பே நாள்தோறும் கோழையை வெளியேற்றிவிட வேண்டும் என்பது அவர் துணிபு. அதற்கு எத்தனை செவிலியர் இருந்தாலும் போதாது. ஆகவே அவர் தாய் தந்தையர்க்கே கற்பித்தார்.

அந்தக் கல்வியைச் சற்றே விரித்துச் சொல்வேன். குழந்தைக்குப் பால் கொடுக்குமுன் செய்ய வேண்டும். கொடுத்தவுடன் செய்தல் ஆகாது. மடியில் தலையணை இட்டு, குழந்தையைக் குப்புறவும் மல்லாத்தியும் பக்கவாட்டிலும் மாற்றி மாற்றிக் கிடத்த வேண்டும். உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்து, மெல்லிய துணியின் மேல் ஒரே சீராகத் தட்ட வேண்டும். தட்டையான கை அடியாகிவிடும். குவிந்த கைக்குள் அகப்பட்ட காற்றுத்தான் அதிர்வை உள்ளே செலுத்தும். சரியாகத் தட்டினால் ஒலி சற்றுக் கனமாக, வெற்றுப் பாண்டத்தைத் தட்டியதுபோல் கேட்கும், குழந்தைக்கு நோவாது. சிறு சிசுவுக்கு உள்ளங்கையும் பெரிது. மூன்று விரல்களைக் கூடாரம்போல் கூட்டித் தட்டுவர். முதுகெலும்பு, வயிறு, மார்பின் நடுவெலும்பு ஆகியவற்றின் மேல் கை படலாகாது. குழந்தை மூச்சை வெளிவிடும்போது விலாவின் மேல் கையை வைத்து மெல்ல அதிர்வித்தலும் உண்டு.

இதைக் காலையும் மாலையும் செய்ய வேண்டும். ஒரு முறைக்கு 20 நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 40 நிமிடம். ஆண்டுக்கு 14,600 நிமிடம். அதாவது, இரவும் பகலுமாகப் பத்து நாள் முழுவதும் ஒரு தாய் தன் குழந்தையைத் தட்டிக்கொண்டே இருந்ததற்கு ஈடு. அது ஓராண்டுக் கணக்கு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இன்னும் கூடும். தாய்க்குக் காய்ச்சல் என்றாலும் குறையாது. மடியிலிருந்து நழுவி ஓடும் இரண்டு வயதுப் பிள்ளையைப் பிடித்து வைத்துச் செய்யும் பாட்டைப் பெற்றோர் மட்டுமே அறிவர்.

மாத்யூஸ் தம் மருத்துவமனையில் குழந்தைகளின் இறப்பு மிகக் குறைந்துவிட்டது என்று சொன்னபோது, அதைப் பலர் நம்பவில்லை. மினசோட்டாவைச் சேர்ந்த வாரன் வார்விக் என்ற மருத்துவரிடம், பல ஊர் மருத்துவமனைகளின் கணக்கைத் திரட்டி ஒப்பிடும் பணி 1964-இல் ஒப்படைக்கப்பட்டது. கணக்கு மாத்யூஸின் பக்கமே நின்றது. அதன்பின் அமெரிக்கா எங்கும் அவர் முறை பரவியது. ஆயினும் அவர் செய்தவை அனைத்தும் நிலைக்கவில்லை. இரவெல்லாம் ஈரப்புகை நிறைந்த கூடாரத்துக்குள் குழந்தைகளை உறங்க வைப்பதும் அவர் திட்டத்தில் ஒன்று. அதனால் பயனில்லை என்று கண்டு பின்னாளில் கைவிட்டனர். தட்டுதல் நின்றது, தலைகீழாகச் சாய்த்தலும் நின்றது, அதாவது நிலைத்தது.

இனித்தான் பிழையின் கதை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1979-இல் ஒரு புதுச் சோதனை அறிவிக்கப்பட்டது. பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்து உலர்த்திய ஒரு துளி இரத்தமே இந்நோயை முன்னறிவிக்கப் போதுமானதாயிற்று. 1981 முதல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இச்சோதனை பொதுவாகச் செய்யப்பட்டது. பின்னர்ப் பிற இடங்களும் தொடர்ந்தன. இதனால் இருமலே தோன்றாத, பார்ப்பதற்கு நலமான ஒரு மாதக் குழந்தைகள் நோயாளராக வந்தனர். அவர்களையும் பெரியவர்களைப் போலவே தலைதாழச் சாய்த்துத் தட்டினர். யூவர்ட்டின் கட்டில் பெரியவர்க்கு உரியது; அது சிசுவுக்கும் பொருந்துமா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. இதில் நான் மருத்துவரைக் குறை கூறேன். யாரோ வகுத்தார், நமக்குக் கற்பித்தார் என்பதற்காகவே நாங்கள் ஆசிரியர்களும் சில முறைகளை ஆண்டுக்கணக்கில் கையாண்டதுண்டு.

சிசுவின் உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் முதிர்ந்ததன்று. பால் குடித்த குழந்தை எளிதில் கக்குவதை நாம் காண்கிறோம். தலையைத் தாழ்த்தினால் வயிற்றின் புளிப்பு மேலேறும். ஏறியது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால், காக்க வந்த மருத்துவமே நுரையீரலைப் புண்ணாக்கும். மெல்போர்ன் நகரத்து இயன்முறை மருத்துவர் பிரெண்டா பட்டன் அம்மையார் இதனை அளந்து பார்க்கத் துணிந்தார். சராசரியாக இரண்டு மாத வயதுடைய 20 குழந்தைகளின் உணவுக்குழாயில் நுண்ணிய கருவியை வைத்து, 30 மணி நேரம் புளிப்பைப் பதிவு செய்தனர். அந்நேரத்துள் அதே குழந்தைகளுக்குத் தலை தாழ்த்திய முறையும், தாழ்த்தாத முறையும் செய்யப்பட்டன. 30 பாகை தலை தாழ்ந்தபோது புளிப்பு மேலேறுதல் மிகுந்தது. இது 1997-இல் வெளியாயிற்று.

மறு ஆண்டே இலண்டனிலிருந்து மறுப்பு வந்தது. அங்குள்ள ஆராய்ச்சியாளர் தாமும் சோதித்து, தலை தாழ்த்துவதால் புளிப்பு மேலேறவில்லை என்று எழுதினர். இரு தரப்பாரும் கற்றவர். இரு தரப்பாரும் அளந்தவர். இந்த இடத்தில் பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள், மாணவ நண்பர்களே! நாளைக் காலை குழந்தையை மடியில் எப்படிக் கிடத்துவது?

மெல்போர்னார் சொற்போரில் இறங்காமல் காத்திருந்தனர். குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தலை தாழ்த்தியும் மறு பிரிவுக்குத் தாழ்த்தாமலும் செய்துவந்து, ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தனர். 2003-இல் முடிவு வெளியாயிற்று. தலை தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கு முதலாண்டில் சளித் தொல்லை மிகுந்திருந்தது. இரண்டரை வயதில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் அவர்கள் நெஞ்சு மற்றவரைவிடப் பழுதுபட்டிருந்தது. ஐந்தாறு வயதில் ஊதிப் பார்த்தபோது மூச்சின் வலிமையும் குறைந்திருந்தது. 20 குழந்தைகள் என்பது சிறு தொகையே. இதை மறைத்தல் கூடாது. எனினும் பல நாட்டு மருத்துவமனைகள் சிசுக்களைத் தலைதாழச் சாய்ப்பதை விட்டுவிட்டன. நல்லெண்ணத்தோடு காலையும் மாலையும் சாய்த்துத் தட்டிய முன்னைய தாய்மார் இச்செய்தியைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பர் என்று எண்ணினால் என் நெஞ்சு கனக்கிறது.

இன்று வேறு முறைகளும் வந்துள்ளன. பெல்ஜியத்தில் ஷான் ஷெவாலியே வகுத்த மூச்சுமுறையைச் சிசுவுக்கு ஏற்ப மாற்றி, குழந்தை மூச்சுவிடும் போக்கிலேயே நெஞ்சைக் கையால் மெல்ல வழிநடத்துகின்றனர். பெரிய பந்தின் மேல் அமர்ந்து குழந்தையை ஏந்தி மெல்லக் குதிப்பதும் அங்கே வழக்கம். டென்மார்க்கில் தோன்றிய முகமூடி முறையில், வெளிவிடும் மூச்சுக்குச் சிறு தடை தந்து குழாய்கள் மூடாமல் காக்கின்றனர். வார்விக்கின் பெயரோடு இணைந்த அதிரும் சட்டை சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு உரியது. இருமலே இல்லாத சிசுவுக்கு நாள்தோறும் இவை வேண்டுமா என்பதில் மருத்துவரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

1989-இல் பழுதுபட்ட மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. 2012-இலும் 2019-இலும் அப்பழுதின் விளைவையே திருத்தும் மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. கோழை இளகியது, அங்கே இப்போது பிறக்கும் இந்நோய்க் குழந்தைகள் அறுபது வயதையும் கடந்து வாழ்வர் என்று கணக்கிடுகின்றனர். அம்மருந்துகளின் விலையோ மிக உயர்ந்தது. இந்தியர்க்கு இந்நோய் இல்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர், அது சரியன்று. டில்லி, வேலூர் ஆகிய இடங்களின் பெரிய மருத்துவமனைகளில் இக்குழந்தைகளுக்கு மருத்துவம் செய்யப்படுகிறது. அவர்களுடைய வீடுகளில் குவிந்த கைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, சளி பிடித்த தம்பி தங்கையரை மடியில் கிடத்தித் தட்டத் தொடங்கிவிடாதீர்கள். சாதாரணச் சளிக்கு இது வேண்டுவதில்லை. ஓயாத இருமலும், உண்டும் தேறாத உடலும், முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் நெற்றியும் ஒரு குழந்தையிடம் சேர்ந்து தோன்றினால் மருத்துவரிடம் காட்டி வியர்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.